போக்காடு போன இடம்

புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தால் பழைய நகரம் ஒரு முட்டை வடிவத்தில் தெரியும். அந்த முட்டையைச் சுற்றி ஓடும் புல்வார் சாலைகள் ஒருகாலத்தில் பிரெஞ்சுக்காரர்களின் கோட்டைமதில் நின்ற தடம். வடக்கே படேல் சாலையைத் தாண்டினால், கடலை ஒட்டி, குருசுக்குப்பம். அதற்கடுத்து வைத்திக்குப்பம். மதிலுக்கு உள்ளே கவர்னர் மாளிகை, வியாபாரிகளின் தெருக்கள், பெரிய கோயில்கள், சர்ச்சுகள். மதிலுக்கு வெளியே மீனவர் குப்பங்கள்.

குருசு என்பது சாவி, அலமாரி, ஜன்னல் மாதிரி போர்த்துகீசியர் நம்மிடம் விட்டுப்போன சொல். சிலுவை என்று அர்த்தம். ஊர்மதிலுக்கு வெளியே, பெயரில் குருசோடு ஒரு குப்பம். பைபிள் வாசித்தவர்களுக்கு இது உடனே ஓர் இடத்தை ஞாபகப்படுத்தும். எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் கடைசி அதிகாரம், இயேசு நகரவாசலுக்கு வெளியே பாடுபட்டார் என்கிறது. அதோடு விடவில்லை. கேட்பவர்களையும் வெளியே புறப்பட்டு வரச் சொல்கிறது.

ஏன் வெளியே? அதை எழுதியவர் மனதில் ஒரு பழைய சடங்கு இருக்கிறது. யோம் கிப்பூர் என்னும் பாவநிவிர்த்தி நாள். அந்தச் சடங்குக்கும் சிலுவைக்கும் என்ன உறவு என்பது இறையியல் வகுப்பில் பேசவேண்டிய விஷயம் போலத் தோன்றும். ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி, சாமி கும்பிடாதவரையும் விடாது. ஒருத்தர் செய்த தப்பை இன்னொருத்தர் சுமந்துகொண்டு போக முடியுமா? முடியுமென்றால், சுமந்துகொண்டு போனவர் என்ன ஆனார்?

*

லேவியராகமம் 16-ஆம் அதிகாரம். ஏழாம் மாதம் பத்தாம் நாள். பிரதான ஆசாரியர் திரைக்குப் பின்னால் இருக்கும் மகா பரிசுத்த இடத்துக்குள் போவது வருடத்தில் அன்று ஒருநாள் மட்டும்தான். வழக்கமான ஆடம்பர உடுப்பு கிடையாது. குளித்துவிட்டு வெறும் சணல்நூல் உடுப்போடு போக வேண்டும். முதலில் தனக்கும் தன் வீட்டாருக்குமாக ஒரு காளையைப் பலியிடுகிறார். பிறகு மக்களுக்காக இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள். சீட்டுப் போடுகிறார்கள். ஒன்று கர்த்தருக்கு, மற்றது அசாசேலுக்கு. அசாசேல் ஒரு பாலைவனப் பேய் என்பார்கள், செங்குத்தான பாறை என்பார்கள், வழக்கு இன்னும் முடியவில்லை. நம்முடைய பழைய வேதாகம மொழிபெயர்ப்பு அந்த வழக்குக்குள் போகாமல் ‘போக்காடு’ என்று வைத்தது. போக்கிவிடப்படும் ஆடு.

கர்த்தருடைய கடாவை வெட்டி, அதன் ரத்தத்தைத் திரைக்குள் கொண்டுபோய்த் தெளிக்கிறார் ஆசாரியர். எதன்மேல்? மக்கள்மேல் இல்லை. உடன்படிக்கைப் பெட்டியின் மூடிமேலும் அதன் முன்பும், பிறகு பலிபீடத்தின்மேலும். லேவியராகமத்துக்கு மிகப்பெரிய உரை எழுதிய யூத அறிஞர் ஜேக்கப் மில்க்ரோம் (1923–2010) இதைத்தான் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார். அங்கே கழுவப்படுவது ஆள் இல்லை, இடம். ஊரில் நடக்கும் அநியாயம் செய்தவனோடு நின்றுவிடுவதில்லை. அடுப்புப் புகை கூரையில் படிவதுபோல அது பொதுவான பரிசுத்த இடத்தில் போய்ப் படிகிறது. துடைக்காமல் விட்டால் ஒருநாள் கடவுள் அங்கே குடியிருக்க முடியாமல் கிளம்பிவிடுவார். கிப்பூர் என்ற சொல்லின் வேருக்கு மூடுதல், துடைத்தல் என்று இரண்டு அர்த்தமும் சொல்கிறார்கள். அக்காடிய மொழியில் அதன் உறவுச் சொல்லுக்குத் துடைத்தல் என்றே பொருள். தமிழிலும் இதே கற்பனைதான். கழுவாய் என்ற சொல் புறநானூற்றின் 34-ஆம் பாட்டிலேயே இருக்கிறது. கொடிய பாவங்களுக்குக்கூடக் கழுவாய் உண்டு, நன்றி கொன்றவனுக்கு மட்டும் கிடையாது என்பது அந்தப் பாட்டின் வாதம்.

இரண்டாவது கடாவை வெட்டுவதில்லை. ஆசாரியர் அதன் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்து, மக்களின் அக்கிரமங்களையெல்லாம் வாய்விட்டு அறிக்கையிட்டு, அவற்றை அதன் தலையில் ஏற்றி, ஓர் ஆள்வசம் பாலைவனத்துக்கு அனுப்பிவிடுகிறார்.

ஆபீஸில் யாராவது மாட்டிக்கொண்டால் “அவரை பலிகடா ஆக்கிட்டாங்க” என்கிறோம். லேவியராகமத்தில் பழியைச் சுமந்த கடா பலியாகவில்லை, பலியான கடாவின் தலையில் பழி ஏற்றப்படவில்லை. ஒன்று உள்ளே போய்த் துடைக்கிறது. இன்னொன்று வெளியே போய்ச் சுமக்கிறது. இரண்டாம் ஆலயக் காலத்தில் போக்காட்டை ஒரு மலைமுகட்டிலிருந்து தள்ளிவிட்டார்கள் என்று மிஷ்னா சொல்கிறது. அனுப்பிவைத்த பாவம் மேய்ந்துகொண்டே திரும்பி வந்துவிடுமோ என்ற பயமாக இருக்கலாம்.

*

அந்தப் பயம் நமக்கும் தெரிந்ததுதான். ஆயுத பூஜைக்கு மறுநாள் எந்த ஊர்ச் சாலையில் வேண்டுமானாலும் பாருங்கள். குங்குமம் தடவி உடைத்த பூசணிக்காய் நடுரோட்டில் கிடக்கும். கடையின் மேல் விழுந்த கண்ணெல்லாம் அந்தப் பூசணிக்காயில் ஏறிவிட்டது. அதை முச்சந்தியில் உடைத்தாகிவிட்டது, கடைக்காரர் நிம்மதியாக ஷட்டரை இறக்கிவிட்டுப் போகிறார். விடியற்காலையில் டூவீலரில் வருகிறவர் அதில் சறுக்கி விழுகிறார். வருடாவருடம் போலீஸ் எச்சரிக்கிறது, வருடாவருடம் உடைக்கிறோம்.

இதை மூடநம்பிக்கை என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. உள்ளே இருக்கும் கணக்கைப் பார்க்கலாம். கழித்த ஒன்று காணாமல் போவதில்லை. வேறொரு இடத்துக்குப் போகிறது, அங்கே யாரோ இருக்கிறார்கள். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகின்றன. அன்று கடலில் முங்கினால் பாவம் போகும் என்பது நம்பிக்கை. கடவுள் நம் பாவங்களைச் சமுத்திரத்தின் ஆழத்தில் போடுவார் என்று மீகா தீர்க்கதரிசி நம்பினார். அதை வைத்து யூதர்கள் புத்தாண்டு நாளில் தண்ணீர்க் கரைக்குப் போய்ப் பாவத்தை உதறுகிறார்கள். ஊருக்குள் இருப்பவருக்குக் கடல் பாவம் போய்ச்சேரும் இடம். குருசுக்குப்பத்துக்காரருக்கு அது மறுநாள் வலை வீசும் இடம்.

*

லேவியராகமத்தில் சட்டென்று தாண்டிப் போய்விடக்கூடிய ஒரு சின்ன விதி இருக்கிறது, 26-ஆம் வசனம். போக்காட்டை ஓட்டிக்கொண்டு போன ஆள் தன் துணிகளைத் துவைத்து, குளித்துவிட்டு, பிறகு பாளயத்துக்குள் வரலாம். பலியான மிருகங்களின் தோலையும் இறைச்சியையும் பாளயத்துக்கு வெளியே எரித்தவருக்கும் இதே விதி.

இதை ஒரு தமிழர் வாசித்தால் கொஞ்சம் நிற்க வேண்டும். ஊரின் மொத்தப் பாவத்தையும் வெளியே கொண்டுபோனவருக்குத் தீட்டு உண்டு, ஆனால் அந்தத் தீட்டு ஒரு குளியலோடு தீர்ந்தது. சாயங்காலம் அவர் தன் வீட்டில் இருப்பார். அடுத்த வருடம் இன்னொருவர் போகலாம். அவர் பிள்ளைக்கு ‘போக்காட்டுக்காரன் மகன்’ என்று பட்டம் இல்லை.

நம் ஊரில் நடந்தது வேறு. சாவைச் சுமந்தவர், செத்த மாட்டைத் தூக்கியவர், பிரசவத் துணியை வெளுத்தவர், மலத்தை அள்ளியவர் எல்லாம் ஊரின் தீட்டை வெளியே எடுத்துப் போனவர்கள். போனவர்களுக்குத் திரும்பி வரும் வழி வைக்கப்படவில்லை. தீட்டைக் கழித்தவரே தீட்டாக ஆனார். அவர் பிள்ளையும் பேரனும் ஆனார்கள். அவர்களுக்கென்று ஊருக்கு வெளியே ஒரு இடமும் அதற்குச் சேரி என்று ஒரு பெயரும் இருந்தது. ஆட்டையும் ஆட்டை ஓட்டிப்போனவரையும் ஒன்றாக்கி, இருவரையும் பாலைவனத்திலேயே நிறுத்திவிட்ட ஏற்பாட்டுக்குத்தான் சாதி என்று பெயர்.

பழைய இஸ்ரயேல் சமத்துவ பூமி என்று நான் சொல்லவரவில்லை. அங்கேயும் அடிமைகள் இருந்தார்கள், ஆசாரியக் குலம் இருந்தது, ஆலயத்தில் அந்நியர் தாண்டக்கூடாத மதில் இருந்தது. அந்த மதிலுக்குப் பிறகு வருகிறேன். ஆனால் தூய்மைச் சடங்கு எங்கே ஒரு மனிதரை நிரந்தரமாக வெளியே தள்ளுகிறது என்று அளக்க, அந்த ஒரு வசனம் நல்ல அளவுகோல்.

*

கி.பி. 70-இல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். திரை இல்லை, பலிபீடம் இல்லை, ஆசாரியர் இல்லை. இனி பாவம் எப்படிக் கழியும்? ஒரே மரபிலிருந்து இரண்டு பதில்கள் வளர்ந்தன.

ரபிகளின் பதில்: மனந்திரும்புதல், ஜெபம், தர்மம். ஆலயத்தின் இடிபாட்டைப் பார்த்து அழுத சீடரிடம், இரக்கச் செயல்கள் பலிக்கு ஈடாகும் என்று யோகனான் பென் சக்காய் ஆறுதல் சொன்னதாக மரபு. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா இன்னொரு விதியையும் வைத்தது. கடவுளுக்கு எதிரான தப்பை யோம் கிப்பூர் நீக்கும். சக மனிதருக்குச் செய்த தப்பை, அந்த மனிதரைச் சமாதானப்படுத்தாதவரை அது நீக்காது.

கிறிஸ்தவர்களின் பதில்: பலி ஒரே தரம், எல்லாருக்குமாக, முடிந்துவிட்டது. எபிரேயர் நிருபத்தில் இயேசுவே பிரதான ஆசாரியர், அவரே பலி. அவர் சொந்த ரத்தத்தோடு திரைக்குள் போகிறார். இதற்குள் பல இழைகள் பின்னியிருக்கின்றன. பஸ்கா ஆட்டுக்குட்டி யாத்திராகமத்தில் பாவநிவிர்த்திப் பலியே இல்லை, அது எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகும் இரவின் உணவு. உலகத்தின் பாவத்தைச் சுமக்கும் ஆட்டுக்குட்டி என்று இயேசுவைச் சுட்டும் யோவான் நற்செய்தியில், பஸ்காவோடு ஏசாயா 53-ஆம் அதிகாரத்தின் துன்புறும் ஊழியரும் யோம் கிப்பூரின் சாயலும் கலந்துவிடுகின்றன. போக்காட்டை மட்டும் புதிய ஏற்பாடு பெயர் சொல்லிக் குறிப்பிடவே இல்லை. பர்னபாவின் பெயரில் வழங்கும் பழைய நிருபம்தான் அதையும் இயேசுவோடு இணைத்தது.

இங்கேதான் காண்ட் குறுக்கே வருகிறார். 1793-இல் வெளியான சமயம் பற்றிய தன் நூலில் அவர் வைத்த ஆட்சேபத்தை நம் மொழியில் இப்படிச் சொல்லலாம். கடன் என்றால் யார் கட்டினாலும் தீரும், பேங்க்காரருக்குப் பணம் வந்தால் போதும். குற்றம் அப்படி இல்லை. அது செய்தவருடையது. இன்னொருவர் எவ்வளவு பெரிய மனதோடு வந்தாலும் அதை வாங்கிக்கொண்டு போக முடியாது.

இந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் நாம் பயன்படுத்தும் ‘மீட்பு’ என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்கலாம். அடகுக் கடையில் இருக்கும் நகையை மீட்கிறோம். எபிரேய மரபிலும் மீட்பர் என்பவர் முதலில் ஒரு சொந்தக்காரர்தான். கஷ்டத்தில் விற்றுப்போன நிலத்தை, அடிமையாகப் போன உறவை, காசு கொடுத்துத் திருப்புகிற நெருங்கிய உறவினர். ரூத் கதையில் வரும் போவாஸ் அப்படிப்பட்டவர். லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் இந்த மீட்பையும் பாவநிவிர்த்தியையும் ஒரே நாளில் கட்டிவைக்கிறது. ஐம்பதாம் வருடத்து யூபிலி எக்காளம் ஊதப்பட வேண்டியது யோம் கிப்பூர் அன்றுதான். அந்த எக்காளம் கேட்டால் நிலம் பழைய சொந்தக்காரருக்குத் திரும்ப வேண்டும், அடிமைகள் வீட்டுக்குப் போக வேண்டும். இதே நூலின் 6-ஆம் அதிகாரத்தில் இன்னொரு விதி. அடுத்தவரிடம் அபகரித்ததை முதலோடு, மேலே ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலி அதோடு சேர்ந்துதான்.

ஆக, கடவுள் மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும், நிலம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இயேசுவும் இந்த வழியை விடவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார். நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சகேயு வாயைத் திறந்த பிறகுதான் அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்கிறார்.

*

சரி, மதிலுக்கு வருவோம்.

எருசலேம் ஆலயத்தில் பிற இனத்தார் ஒரு குறிப்பிட்ட தடுப்புச் சுவர்வரைதான் போகலாம். தாண்டினால் சாவுக்கு அவரே பொறுப்பு என்று கிரேக்கத்தில் எழுதிவைத்திருந்தார்கள். அந்தக் கல்வெட்டை 1871-இல் கிளெர்மோன்-கானோ என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டுபிடித்தார், இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு கிரேக்கரை உள்ளே கூட்டிப்போனார் என்ற பழிதான் பவுலைக் கைதாக்கியது என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். பவுலின் பெயரில் உள்ள எபேசியர் நிருபம், கிறிஸ்துவின் மரணம் நடுவில் நின்ற பிரிவினைச் சுவரைத் தகர்த்துவிட்டது என்று சொல்கிறது. மீட்பு என்பதற்கு அதில் ஒரு கட்டட அடையாளமே இருக்கிறது. சுவர் இருக்காது.

புதுச்சேரி மிஷன் வீதியில் இருக்கும் மாதா கோயிலை ஊரில் சம்பா கோயில் என்பார்கள். ‘சான் போல்’, அதாவது புனித பவுல், மக்கள் வாயில் சம்பா ஆனது. இப்போதைய கட்டடம் 1791-இல் முடிந்தது. 1761-இல் ஆங்கிலேயர் இடித்த பழைய கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் மேல்சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும். பவுலின் பெயர் தாங்கிய கோயிலில்!

இது சும்மா வந்த சுவர் இல்லை. ஞானஸ்நானத்தின்போது குரு தன் எச்சிலைத் தொட்டுக் காதிலும் மூக்கிலும் வைக்கும் சடங்கு அப்போது உண்டு. எச்சில் என்றால் நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதால் தமிழகத்து இயேசு சபையினர் அதை விட்டுவிட்டார்கள். நோயாளிக்குச் சடங்கு செய்யப் பறையர் வீடுகளுக்குள் போவதையும் தவிர்த்தார்கள். போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704 ஜூனில் இங்கிருந்தே ஆணையிட்டு இரண்டையும் கண்டித்தார். நாற்பது வருடம் வாதாடி, 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் ஒரு முடிவு சொன்னார். எச்சிலைச் சில வருடங்களுக்கு விட்டுவிடலாம். பறையர் மக்களுக்கென்று தனியாகச் சில குருக்களை ஒதுக்கலாம். தீட்டை ஒழிக்கவந்த பலியின் பெயரால் தீட்டுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தாகிவிட்டது.

1745 அக்டோபரில் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் திரண்டு குருவிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் எல்லோரையும் ஒன்றாக நடத்த வேண்டாமா, ஆண்டவர் பேதம் வைக்கவில்லையே என்று கேட்டார்கள். குரு சுவரை இடிக்கச் சொன்னார். மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப்போய்ச் சண்டைக்கு வந்தார்கள், விவகாரம் ஆளுநர் துய்ப்ளேவரை போனது. இதையெல்லாம் எழுதிவைத்தவர் கிறிஸ்தவர் அல்ல, வைணவரான ஆனந்தரங்கப் பிள்ளை. தன் நாட்குறிப்பில் ஊர்ச் செய்தியோடு செய்தியாக எழுதிவிட்டுப் போகிறார்.

அந்த மக்கள் வைத்த வாதம், இந்த மண்ணில் மீட்பு பற்றிச் சொல்லப்பட்ட மிகக் கூர்மையான வாதங்களில் ஒன்று என்பேன். அவர்கள் மோட்சத்தில் இடம் கேட்கவில்லை. பலி முடிந்துவிட்டது உண்மையென்றால் சுவர் ஏன் நிற்கிறது என்று கேட்டார்கள். மில்க்ரோமின் பார்வையில் சொன்னால், கோயிலில் படிந்திருந்த அழுக்கு அந்தச் சுவர்தான். இடத்தைக் கழுவு என்றார்கள், லேவியராகமம் சொன்ன அதே வேலை.

*

இதைப் பழங்கதை என்று நினைத்தால், 2008 மார்ச்சில் புதுவை-கடலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் நடந்ததைப் பார்க்கலாம். தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டார்கள். பொதுக்கோயிலில் சம உரிமை இல்லை, தங்கள் சவ ஊர்வலத்துக்குப் பொது வழி இல்லை என்பது அவர்கள் குறை. கலவரம், துப்பாக்கிச்சூடு, இரண்டு உயிர்கள் போயின. இரண்டு தரப்பும் ஒரே பூசையில் ஒரே பலியை நம்புகிறவர்கள்.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. சாதிப் பாகுபாடு பெரும் சமூகப் பாவம், அது திருச்சபைக்குள்ளும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. இரண்டு கைகளையும் தலைமேல் வைத்து வாய்விட்டுச் சொல்லும் பகுதி அது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெயர் சொல்லி அறிக்கையிடாத பாவத்தை எந்த ஆடும் சுமக்காது. ஆனால் சடங்கு அறிக்கையோடு முடிவதில்லை.

சிலுவை ஒரு பெரிய போக்காடு, நம் பழியெல்லாம் அங்கே போய்விட்டது என்று எடுத்துக்கொண்டால், கடைசியில் நாம் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகும் கடைக்காரர்கள்தான். சறுக்கி விழுந்தவர் கணக்கில் வரமாட்டார். காண்டின் ஆட்சேபமும் அப்போது முழுதாகச் செல்லுபடியாகும். எபிரேயர் நிருபம் வேறு திசையில் போகிறது. பலியின் உடல் பாளயத்துக்கு வெளியே எரிக்கப்பட்டது, இயேசுவும் வாசலுக்கு வெளியே, ஆகவே அவருடைய நிந்தையைச் சுமந்துகொண்டு நாமும் வெளியே போவோம் என்கிறது. பாவம் போன திசையில் பாவம் செய்தவரும் நடக்க வேண்டும். வெளியே நிற்கும் ஆளுக்கு ‘வாங்க, உள்ள வந்து உட்காருங்க’ என்று இடம் தருவது பெருந்தன்மை. இந்த நிருபம் கேட்பது பெருந்தன்மை இல்லை. உள்ளே இருப்பவர் எழுந்து வெளியே வரவேண்டும், அந்த இடத்தின் அவமானம் தன்மேலும் ஒட்ட வேண்டும். குற்றத்தை அங்கே யாரும் கைமாற்றவில்லை. குற்றத்தால் தள்ளப்பட்டவர் பக்கத்தில் போய் நிற்கும் வேலை மட்டும் இருக்கிறது. காண்டுக்கும் அதில் ஆட்சேபம் இருக்காது.

போய் நின்ற பிறகு அந்த ஐந்தில் ஒரு பங்குக் கணக்கு வரும். எந்த வாசல் வழியாக யார் நுழைவது, சவ வண்டி எந்தத் தெருவில் போவது, கல்லறைத் தோட்டத்தில் யாருக்குப் பக்கத்தில் யார், பங்குப் பேரவையில் யார் கையில் சாவி. சம்பா கோயிலில் அந்த மக்கள் கேட்டது இந்த மாதிரிக் கணக்கைத்தான். அவர்களுக்குச் சேரவேண்டிய முதலே இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. மேலே உள்ள ஐந்தில் ஒரு பங்கைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை.